இடது கண் தேர்ந்தெடுத்த வில்

மிச்சிகனில் நவம்பர் 15 ஒரு குட்டிப் பண்டிகை. மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் அன்றுதான் தொடங்கும். பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. எங்கள் அலுவலகத்தில் அந்த வாரம் மீட்டிங் வைத்தால் நான்கைந்து இந்தியர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஐந்து வருடம் அப்படி உட்கார்ந்துவிட்டு, 2021இல் நானும் போவது என்று முடிவு செய்தேன்.

ஊரில் மானை வேட்டையாடினால் ஜெயில், 1972ஆம் வருடச் சட்டம். அப்படி வளர்ந்தவனுக்கு இந்த ஆசை சும்மா வந்துவிடவில்லை. நான் முடிவு செய்ததற்கு முந்தைய வருடம் ஒரு வெண்வால் மான் இருட்டில் என் கார் மீது பாய்ந்தது. பம்பர் போனது பெரிதில்லை. மான் உடனே சாகவில்லை. போலீஸ்காரர் வந்து சுட்டு முடித்துவைக்கும்வரை இருபது நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றேன். வேட்டையைப் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அதைவிட மோசமான சாவு சாலையோரம் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போவதாக இருந்தால் இழுக்காமல் சாகிற மாதிரி அடிக்க வேண்டும். எதை வாங்குவது என்ற கேள்விக்கு நான் வைத்துக்கொண்ட ஒரே நிபந்தனை அதுதான்.

மனதில் இருந்தது என்னவோ ரைஃபிள். தேர்ட்டி ஆட் சிக்ஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது. அலுவலகத்தில் என் இடத்துக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஜாக்சன் கவுண்டியில் நாற்பது ஏக்கர் நிலம். சோளமும் சோயாவும் போடுகிறார்கள். அவரிடம் சொன்னதும் சிரித்தார். "வாங்கு. வாங்கி வடக்கே நாலு மணி நேரம் ஓட்டிப் போய்ச் சுடு. எங்கள் பக்கம் செல்லாது" என்றார்.

மாநிலத்தின் தென்பகுதி தட்டையான பூமி, வீடுகளும் நெருக்கம். தப்பிய குண்டு எத்தனை தூரம் போகும் என்பதுதான் அங்கே கவலை. அதனால் பல வருடம் வழக்கமான ரைஃபிளுக்கு அங்கே அனுமதி இல்லை, பெரும்பாலும் ஷாட்கன்தான். 2014இலிருந்து சில ரைஃபிள்களும் சேர்ந்தன. தோட்டாவின் கூடு கழுத்து குறுகாமல் நேராக இருக்க வேண்டும், குண்டின் குறுக்களவு 0.35 அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும், கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இந்தக் கணக்குக்குள் வருகிற தோட்டாக்களில் இரண்டின் பேர்தான் அடிக்கடி காதில் விழுந்தது: 450 புஷ்மாஸ்டர், 350 லெஜெண்ட். பின்னது வின்செஸ்டர்காரர்கள் 2019இல் கொண்டுவந்தது.

அடுத்த முட்டுக்கட்டை விசா. நான் இருந்தது ஹெச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில். ஒரு கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், விசாவில் இருப்பவர்களுக்கு விற்க முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது முக்கால்வாசி சரி. இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் வாங்கலாம். முதலில் உரிமம், அப்புறம் துப்பாக்கி. நான் தலைகீழாக ஆரம்பித்திருந்தேன்.

உரிமத்துக்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி. 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். பாடம் இணையத்தில், களப்பயிற்சி ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு நடுவே தலை நரைத்த நான் ஒருவன். அப்போது அடிப்படை உரிமம் 11 டாலர், மானுக்கு 20. ஊரில் ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் ஆகிற செலவுதான்.

அதற்குள் பெரியவர் தன் பழைய 12 கேஜ் பம்ப் ஷாட்கன்னை எடுத்துவந்து, "முதலில் சுட்டுப் பார், பிறகு பேசு" என்றார். ஒரு அவுன்ஸ் ஈயத்தை ஒரே குண்டாகத் தள்ளும் ஸ்லக் தோட்டா. முதல் வெடியில் தோளில் கடப்பாரையால் குத்தியது போல இருந்தது. ஐந்து சுட்டேன். ஐம்பது கஜத்தில் இருந்த அட்டையில் இரண்டு பட்டது. மற்ற மூன்றும் எங்கே போயின என்பது அட்டைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்குத்தான் வெளிச்சம். ஆறாவதை அவரே போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது. ஆனால் குழல் முனை தானாக ஒரு சாண் கீழே குத்தி எழுந்தது. என் கண்ணும் மூடியிருந்தது. எனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டாவைப் போட்டிருக்கிறார். வெடிக்காத துப்பாக்கிக்கே உடம்பு பயந்து நடுங்கியதை நானே பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துப்பாக்கியை வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. 450 புஷ்மாஸ்டர் கனவும் அத்தோடு போயிற்று. அதன் உதையும் லேசு இல்லை.

வீட்டில் வேறு பஞ்சாயத்து. "துப்பாக்கி உள்ளே வந்தா நானும் பாப்பாவும் வெளியே போறோம்" என்றாள் மனைவி. "வில்லு வேணா வாங்கிக்கோங்க." அவள் மனதில் இருந்தது நவராத்திரி கொலுவில் ராமர் கையில் இருக்கும் வில் என்று நினைக்கிறேன். இந்த ஊர் காம்பவுண்ட் வில்லைப் பார்த்தால் சைக்கிளைப் பிரித்து மாட்டிய மாதிரி இருக்கும். இரண்டு முனையிலும் சக்கரம், நடுவில் மூன்று கயிறு.

வில் கடையில்தான் கதை திரும்பியது. கடைக்காரப் பெண் முதலில் கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார். விரல் நுனிக்கு விரல் நுனி 68 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் நாண் இழுக்க வேண்டிய நீளம், ஏறக்குறைய 27. பிறகு, "இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை வை. அதன் வழியாக என் மூக்கைப் பார்" என்றார். பார்த்தேன். "அப்படியே வலது கண்ணை மூடு." மூடினேன். மூக்கு அங்கேயே இருந்தது. "இப்போது இடதை மூடு." மூக்கு காணாமல் போய், ஓட்டையில் சுவரில் தொங்கிய அம்புக்கூடு தெரிந்தது. "நீ எழுதுவது வலது கையில். ஆனால் குறி பார்ப்பது இடது கண்ணால்" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில், ஒரு வில் கடையில், என் கண்ணைப் பற்றி இப்படி ஒன்று தெரிந்துகொண்டேன். கல்லூரியில் கேரம் ஆடும்போது காய் எப்போதும் ஒரு விரற்கடை தள்ளியே போகும். அதற்கும் இதுதான் காரணமோ என்று இன்றுவரை சந்தேகம். ஷாட்கன்னில் மூன்று குண்டு எங்கே போயின என்பதற்காவது பதில் கிடைத்தது. கட்டை வலது தோளில், கண்ணோ இடது.

இரண்டு வழி சொன்னார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலதால் பழகலாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றலாம். நான் மாற்றினேன். முதல் வாரம் பல் தேய்க்கிற பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிய மாதிரிதான் இருந்தது. ஆனால் கெட்ட பழக்கம் எதுவும் அந்தக் கைக்குத் தெரியாதே! அது பெரிய லாபம்.

துப்பாக்கி மாதிரி கட்டையில் வில்லைக் குறுக்கே பொருத்திய கிராஸ்போவையும் பார்க்காமல் விடவில்லை. மிச்சிகனில் 2009இலிருந்து அதைப் பரவலாக அனுமதிக்கிறார்கள். ஸ்கோப் உண்டு, ஒரே மதியத்தில் கைக்கு வந்துவிட்டது, முப்பது கஜத்தில் மூன்று அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. புத்தியுள்ளவன் அதைத்தான் வாங்கியிருப்பான். ஆனால் அம்பு ஓடுகிற தண்டவாளத்துக்கு மேலே கட்டைவிரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் நாண் அதை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று விற்பவரே தன் தழும்பைக் காட்டிச் சொன்னார். நான் கீபோர்டில் பிழைக்கிறவன். தவிர, அதைப் பிடிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதற்கு மேல் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

காம்பவுண்ட் வில்லை 60 பவுண்டுக்கு வைத்து வாங்கினேன், வீம்புக்கு. இழுக்கும்போது வில் வானத்தைப் பார்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "மானுக்கு முன்னால் இப்படி ஆடினால் அது உட்கார்ந்து வேடிக்கையா பார்க்கும்?" என்றார் கடைக்காரப் பெண். ஆறுகோணச் சாவியால் திருகித் திருகி 48க்கு இறக்கினார். அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சத்தமில்லாமல் இழுக்க முடிந்தது. முழுக்க இழுத்த பிறகு சக்கரம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது பத்து பவுண்டு சொச்சம்தான். அந்த நேரத்தில் ஒரு அமைதி வரும், நாணில் பின்னிய சின்ன வளையத்துக்குள் குறிமுள்ளின் பச்சைப் புள்ளி வந்து உட்காரும். எனக்குப் பிடித்தது அதுதான்.

பயிற்சி எல்லாம் வீட்டு பேஸ்மெண்டில். ஏழு கஜம்தான் கிடைக்கும், கை பழக அது போதும். தினமும் இரவு பன்னிரண்டு அம்பு. மேலே சமையலறையில் மனைவிக்குச் சத்தம் கேட்கும். நுரைக்கட்டையில் பட்டால் 'தொப்'. தப்பினால் வேறு சத்தம், அதற்கு ஒரு அதட்டல்.

அக்டோபர் 1 வில் சீசன். வார இறுதிகளில் வெளியே பழகியதில் இருபது கஜம்வரை எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. அதற்கு மேல் அம்புகள் சிதறின. பெரியவரின் நிலத்தோரம் மறைவிடத்தைச் சுற்றி இருபது கஜத்தில் நான்கு ரிப்பன் கட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு பெண் மான் வந்தது. காற்று என் பக்கம், பக்கவாட்டில் நிற்கிறது, எல்லாம் சரி. ஆனால் ரிப்பனுக்கு அந்தப் பக்கம். தூரமானியில் 32. என் வில்லிலிருந்து அம்பு அவ்வளவு தூரம் போக அரை நொடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாணின் சத்தம் அதற்கு வெகு முன்னால் போய்ச் சேரும். மான் குதிக்கத் தயாராக உடம்பைத் தாழ்த்தும், நெஞ்சுக்கு வைத்த அம்பு முதுகில் ஏறும். வில்லை எடுக்கவே இல்லை. ஆறு நிமிடம் மேய்ந்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அதனால்தான் துப்பாக்கியும் வாங்கினேன் என்று சொன்னால் முழுப்பொய் ஆகாது. 350 லெஜெண்ட், ஒற்றைத் தோட்டா, நடுவில் மடித்துத் திறக்கிற வகை. சுத்தியல் நடுவில் இருப்பதால் இடக்கை வலக்கை வித்தியாசம் கிடையாது. உதையும் தாங்கக்கூடியது. உரிமத்தின் நகலையும், அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94இன் எண்ணையும் எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தில் விசாவா என்ற கேள்விக்கு ஆம், விதிவிலக்கு உண்டா என்பதற்கும் ஆம். பின்னணிச் சோதனைக்கு உடனடி ஒப்புதல், காத்திருப்பு, மறுப்பு என்று மூன்று பதில் வரலாம். எனக்கு வந்தது காத்திருப்பு. நான்கு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. (இது 2021 கதை. 2024 பிப்ரவரியிலிருந்து மிச்சிகனில் ரைஃபிளுக்கும் வாங்கும் உரிமம் தேவை; குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டி வைப்பதும் சட்டமாகிவிட்டது.) வீட்டுப் பஞ்சாயத்து ஒரு இரும்பு அலமாரியில் முடிந்தது. சாவி மனைவியிடம். தோட்டா கராஜில் வேறு பூட்டில். அந்த வருடம் எங்கேயும் தோட்டா தட்டுப்பாடு. மூன்று கடை ஏறி மூன்று பெட்டிதான் தேற்றினேன்.

நவம்பர் 15 காலை ஏழு மணிக்கு நாலாபக்கமும் வெடிச்சத்தம், தீபாவளி விடியற்காலை போல. எங்கள் பக்கம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு இளம் ஆண் மான் சோளக்காட்டு ஓரமாக வந்தது. எழுபது கஜம். சுத்தியலை இழுக்கும்போது விரல் குளிரில் மரத்திருந்ததால் இரண்டு கட்டைவிரலும் தேவைப்பட்டன. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி. உதை வந்ததே நினைவில்லை.

மான் ஓடி மறைந்தது. பெரியவர் சொல்லியிருந்தபடி அரை மணி நேரம் இடத்தைவிட்டு அசையவில்லை. போய்ப் பார்த்தால் காய்ந்த தாளில் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம். நுரையீரல் என்று அர்த்தம். கருஞ்சிவப்பாகவோ பச்சை நாற்றத்தோடோ இருந்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். நாற்பது எட்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கத்தியோடு வந்து, குடல் கிழியாமல் எப்படித் திறப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

கறியில் கொழுப்பே இல்லை. பிரஷர் குக்கரில் ஆட்டுக்கறிக்கு வைக்கிற விசில் வைத்தால் நாராகிவிடுகிறது. மிளகு வறுவல்தான் சரிப்பட்டது.

"அப்ப எதுடா உனக்குப் பிடிச்சது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மான் கிடைத்தது துப்பாக்கியில். மறுவருடமும் அப்படித்தான். சீசன் முடிந்ததும் அதை எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்தால் அடுத்த அக்டோபர்வரை நினைப்பே வராது. வில் அப்படி இல்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் கை தானாக பேஸ்மெண்ட் விளக்கைப் போடுகிறது. நேற்றும் இறங்கினேன். பதினொன்றாவது அம்பை விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அது சுவர்ல போச்சு" என்றாள் மனைவி மேலேயிருந்து.