தலைப்பெழுத்து எழுதியவர்

வாரப்பத்திரிகையில் ஒரு சிறுகதை வந்தால் எழுத்தாளர் பெயர் பெரிதாக இருக்கும், படத்தின் ஓரத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். தலைப்பைத் தூரிகையால் எழுதியவரின் பெயர் எங்கேயும் இருக்காது. என் நண்பர் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் பெயரில்லாத வேலையைத்தான் செய்தார், போன மார்கழியில் காலமானார். நான் ஆசிரியர் குழுவில் இருந்தேன், அவர் ஆர்ட் செக்‌ஷனில். பழகிய இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போது தலைப்பை அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாகத்தான் எழுதுவார்கள், சிறிதாக்கும்போது தூரிகையின் பிசிறு மறைந்துவிடும். அவர் முதலில் இளநீலப் பென்சிலால் கோடு போடுவார், ஏனென்றால் அச்சுக்காகப் படமெடுக்கும் பிராசஸ் கேமராவின் பிலிமில் இளநீலம் விழாது, அழிக்க வேண்டிய வேலை மிச்சம். அதன்மேல் இந்தியன் இங்க். சுழி கொஞ்சம் தடித்துவிட்டால் போஸ்டர் வெள்ளையைத் தொட்டு உள்ளிருந்து ஒதுக்குவார். அப்புறம் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். எழுத்தாகப் படிக்க முடியாதபோதுதான் எங்கே கறுப்பு அதிகம், எங்கே இடைவெளி அதிகம் என்று கண்ணுக்குத் தெரியுமாம்.

ஆனால் இதெல்லாம் கைவேலை. என்னை அவரிடம் இழுத்தது வேறு ஒன்று. கதையைப் படிக்காமல் அவர் தலைப்பு எழுதமாட்டார். நேரமில்லை, தலைப்பு மட்டும் சொல்கிறேன் என்றால், “கதையைக் குடுங்க தலைவரே, தலைப்பு அப்புறம்” என்பார். கம்போசிங்குக்குப் போக வேண்டிய கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் முழுசாகப் படிப்பார். ஒருமுறை வீட்டைவிட்டுப் போன அப்பாவைப் பற்றிய கதை ஒன்று வந்தது, தலைப்பில் ஒரு ‘ழ’ இருந்தது. அந்த ‘ழ’வின் வாலை இழுத்து முதல் பத்திக்குள்ளேயே இறக்கிவிட்டார். வாலுக்கு இடம்விட நாலு வரியை உள்ளே தள்ள வேண்டியிருந்தது, லே-அவுட்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பக்கம் அச்சாகி வந்தபோது படிக்கத் தொடங்கும் முன்பே யாரோ எங்கேயோ நடந்து போகிற மாதிரி இருந்தது. அந்த வாரம் வந்த வாசகர் கடிதங்கள் கதையையும் படத்தையும் பாராட்டின, வாலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

‘லை’, ‘னை’ போன்ற சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்துவிட்டது, பத்திரிகைகளும் மெல்ல மெல்ல மாறின. சரித்திரத் தொடர் என்றால் மட்டும் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு பழைய வடிவ ‘லை’, ‘னை’ எழுதுவார். அப்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கணினியில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் வந்தது. தலைப்பைத் தட்டச்சு செய்து, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, நிழல் கொடுத்தால் முடிந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. அவர் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு பக்க வடிவமைப்புக்கு மாறினார், அதையும் நன்றாகவே செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய தூரிகையை எடுப்பார். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்புகள் என்றால் அவருக்கு உயிர். அந்த வழியில் தெரிந்தவர்களின் கவிதைத் தொகுப்புகளுக்குக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையில் மணமக்கள் பெயர் அவர் கையெழுத்துதான்.

அவர் போனபிறகு இரங்கல் கூட்டம் நடத்தினோம், எல்லாரும் பேசினோம், நல்ல மனிதர் என்றோம். நல்ல மனிதர்தான், ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அது மட்டுமில்லையே. வேலையைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அச்சுக்கான பிளேட் போட்டு முடிந்ததும் மூலத்தாளைக் குப்பையில் போடுவதுதான் அன்றைய வழக்கம். நன்றாக நிலைத்திருந்தவை கல்யாணப் பத்திரிகைகள்தான், அவற்றை யாரும் தூக்கிப் போடவில்லை. எங்கள் தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது.

கூட வேலை பார்த்த இளைஞர் ஒருவர், அவர் எழுத்துகளை வைத்தே ஒரு எழுத்துரு செய்து அவர் பெயரை வைக்கலாம் என்றார். ஆசையான யோசனை, நல்ல மனசோடு சொன்னது. உட்கார்ந்து பார்த்தோம். தமிழில் உகர ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 தனி வடிவங்கள் வேண்டும், அவற்றில் பாதியை அவர் எழுதியதே கிடையாது. அதைக்கூட நாமே வரைந்து நிரப்பிவிடலாம். என்னைத் தடுத்தது வேறு. கிடைத்த தலைப்புகளை வரிசையாகப் பரப்பினால் ஒரு ‘க’ மாதிரி இன்னொரு ‘க’ இல்லை, ஒவ்வொன்றும் அந்தந்தக் கதைக்காகப் பிறந்தது. ஒன்றை எடுத்து இதுதான் அவருடைய ‘க’ என்று எல்லாத் தலைப்புக்கும் ஒட்டினால், கதையைப் படிக்காமல் எழுத மறுத்த மனிதரைப் படிக்காமலே எழுத வைத்த மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்றேன். அவர் மகளும் அதையே சொன்னாள்.

அதனால் தொகுக்கிறோம். ஒவ்வொரு தலைப்பையும் கதையின் முதல் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்து, கீழே ‘தலைப்பெழுத்து’ என்று போட்டு அவர் பெயர், இதழ், தேதி. இங்கே அந்தப் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், அது முதலில் அந்தத் தொகுப்பில்தான் அச்சாக வேண்டும் என்று மகள் விரும்புகிறாள். வீட்டில் பைண்டு செய்த தொடர்கதைகளில் தேதி இருக்காது, ஓரத்தை வெட்டியிருப்பார்கள். பின்பக்க விளம்பரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம், பட்டாசோ பட்டுப்புடவையோ இருந்தால் தீபாவளியை ஒட்டிய இதழ், பள்ளி நோட்டுப்புத்தகம் என்றால் ஜூன்.

80கள், 90களில் பைண்டு செய்த தொடர்கதை உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், எடைக்குப் போடும் முன் தலைப்புள்ள பக்கங்களை மட்டுமாவது போனில் படம் எடுத்து வையுங்கள். அது என் நண்பர் எழுதியதாக இருக்க வேண்டும் என்றில்லை. அவரைப் போல இன்னும் பலர் வெவ்வேறு பத்திரிகைகளில் எழுதினார்கள், அவர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம்.