‘அடுத்த பதிப்பில் வரும்’: செக்ரோல் மென்பொருளும் எங்கள் தோட்ட அலுவலகமும்

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் சம்பளக் கணக்கைப் பொறுப்பேற்றுச் செய்து வருகிறேன். எங்கள் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலை நாளும் சம்பளமும் பதியும் பதிவேடு, முழுவதும் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் எழுதிய மென்பொருளில்தான் நடக்கிறது. அதற்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்துகிறோம். அந்த மென்பொருளின் புதிய பதிப்பில் என்ன மாறப்போகிறது என்பதை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல வைப்பதற்கு நாங்கள் பட்ட பாட்டை, இதே நிலையில் இருக்கும் மற்றத் தோட்ட அலுவலகங்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

பேர் என்று நாங்கள் சொல்லும் ஒரு நாள் வேலை, அரைப் பேர், நாளுக்குரிய அளவுக்கு மேல் பறித்த மேலதிகக் கிலோ, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக் கழிவு, தீபாவளி முற்பணத்தின் மாதத் தவணை என்று ஒரு தொழிலாளியின் மாத வாழ்க்கை முழுவதும் செக்ரோலின் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. பத்தாம் திகதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த வரியில் ஓர் எண் பிசகினால் சம்பள மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர் மென்பொருள் நிறுவனத்தை அல்ல, எங்களைத்தான் கேட்பார். அப்படிக் கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு.

2024ஆம் ஆண்டு எங்களை நன்றாகவே சோதித்தது. 2021 மார்ச்சிலிருந்து தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபா என்று அறிவித்தார். 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமும் 350 ரூபா விசேட கொடுப்பனவுமாக அது அரசிதழான வர்த்தமானியிலும் வெளியானது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டமே இப்படி அசைந்துகொண்டிருந்த வேளையில், எந்த மென்பொருளாளராலும் உறுதியான திகதி தந்திருக்க முடியாது என்பதை நான் அப்போதும் ஏற்றுக்கொண்டேன், இப்போதும் ஏற்றுக்கொள்கிறேன். தாமதத்தைக் குறித்து எனக்குக் குறையில்லை, எங்களுக்கு எதுவும் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு காலையில் புதிய பதிப்பு எங்கள் கணினியில் வந்து அமர்ந்திருந்தது. நாட்சம்பளத்தைப் பதியும் ஒரே கட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும் கணிக்கப்படுகிறதா, கொடுப்பனவையும் சேர்த்துக் கணிக்கப்படுகிறதா என்பதற்கு எங்கும் விளக்கம் இல்லை. தொழிலாளியின் பங்கு 8 வீதம் என்பதால், அந்த 350 ரூபாவைச் சேர்த்தால் ஒரு நாளுக்கு 28 ரூபா கூடுதலாகக் கழியும். 25 நாள் வேலை செய்தவருக்கு அது 700 ரூபா. தொழில் தருநரின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதமும் அதற்கேற்ப மாறும். இவ்வளவு பாரதூரமான ஒரு தெரிவை யாரோ ஒரு நிரலாளர் எங்கோ ஓரிடத்தில் எடுத்திருக்கிறார், அது எந்தத் தெரிவு என்பதை நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தடையுத்தரவுக்குப் பின்னர் இன்னொரு பதிப்பு அதே மௌனத்துடன் வந்து பழைய கட்டத்தைத் திரும்ப வைத்தது. ஆனால் அதனோடு சேர்ந்து முற்பண மீதியைக் காட்டும் நெடுவரிசை அறிக்கையிலிருந்து காணாமற்போயிருந்தது.

சம்பளச் சீட்டிலும் துன்பம் இருந்தது. எங்கள் பெயர்ப் பட்டியல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது. புதிய பதிப்பு அச்சு எழுத்துருவை மாற்றிவிட்டதால் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளிகளாகவும் அச்சாகின. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடாகிய யூனிகோட்டில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. எங்கள் சீட்டில் அது ‘அடுத்த பதிப்பில் வரும்’ என்ற பதிலைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறோம். தன் பெயரையே வாசிக்க முடியாத ஒரு சீட்டை உழைத்தவர் கையில் கொடுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் கருதுகிறேன்.

தொலைபேசியில் கேட்டால் ஒருவர் ‘வேலை நடக்கிறது’ என்பார், மற்றவர் ‘இந்த மாதக் கடைசிக்குள்’ என்பார், மூன்றாமவருக்கு அப்படியொரு வேலை நடப்பதே தெரியாது.

எங்கள் அலுவலகத்தின் இன்னொரு கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. அதற்கு நாங்கள் ஒரு சதமும் கொடுத்ததில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் புதிய பதிப்பு வரும், அது வெளியான ஆண்டும் மாதமும் பதிப்பு எண்ணிலேயே இருக்கும், 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2006 ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பு ஆயத்தமாகாது என்று கண்டபோது, அதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்து, ஆறு வாரம் தள்ளி ஜூன் முதலாம் திகதி வெளியிட்டார்கள். அந்தத் தாமதம் 6.06 என்ற எண்ணிலேயே எல்லாரும் காண நிற்கிறது. பணம் வாங்காதவர்களால் இது முடியுமென்றால், கட்டணம் வாங்குகிறவர்களிடம் இதை எதிர்பார்ப்பது பேராசை அல்ல என்று தோட்ட முகாமையாளரான துரையிடம் எடுத்துச் சொன்னேன். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தறுவாயில் அவர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றை அனுப்பினோம்.

அந்தக் கடிதத்தில் ‘எப்போது வரும்’ என்று நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் இருக்க வேண்டும், அது ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் அச்சாக வேண்டும்; வருவதற்கு முன்னர் எந்தக் கணிப்பு, எந்த அறிக்கை மாறுகிறது என்பதையும், நாங்கள் கேட்டவற்றில் எது இம்முறை இல்லை என்பதையும் எழுத்தில் தர வேண்டும்; முடித்துக் கொடுத்த மாதங்களின் கணக்கு எக்காரணம் கொண்டும் மாறக் கூடாது; மாதத்தின் நடுவில் சம்பள வீதம் மாறினால் இரு வீதங்களையும் ஒரே மாதத்தில் பதிய முடியுமா என்று சொல்ல வேண்டும்; நாங்கள் அனுமதிக்காமல் எதுவும் தானாக நிறுவப்படக் கூடாது என்று எழுதினோம்.

முதலில் வந்த பதில் ஏமாற்றம் தந்தது: காலாண்டுகளை வண்ணப் பெட்டிகளாகக் காட்டிய ஒரு படம், அதில் ‘சம்பளப் பகுதி மேம்பாடு’ என்ற ஒரு சொற்றொடர். மேம்பாடு என்றால் என்ன என்று திரும்பக் கேட்ட பிறகுதான் நிரல் எழுதுகிறவருடனேயே பேசும் வாய்ப்புக் கிடைத்தது. திகதி ஒன்றைச் சொல்லி அது தவறினால் வாடிக்கையாளர் கட்டணத்தை நிறுத்திவிடுவார் என்ற அச்சத்தினால், விற்பனைப் பிரிவு அவர்களை எதையும் சொல்ல விடுவதில்லை என்று அவர் மனம்விட்டுச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்தது. மாதத்தின் 25ஆம் திகதிக்கு முன்னர் அறிவித்தால் எந்தத் தாமதத்தையும் ஒப்பந்த மீறலாகக் கொள்ள மாட்டோம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அந்த நாளைத் தாண்டினால் கையால் கணக்குத் தயாரிக்க எங்களுக்கு அவகாசம் போதாது என்பதையும் விளக்கினோம். அவர்கள் அதற்கு இணங்கினார்கள்.

அதே ஆண்டு செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று புதிய வர்த்தமானி வந்தபோது இந்த உடன்பாட்டுக்குச் சோதனை வந்தது. இந்த மாதத்துக்குப் புதிய பதிப்பு ஆயத்தமாகாது என்று 25ஆம் திகதிக்கு முன்னரே தகவல் வந்தது. செய்தி கசப்பானதுதான், என்றாலும் லிப்ரே ஆபிஸ் விரிதாளில் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனாக, அதாவது பிரிவாகக் கணக்கைப் போட்டு, ஒரு நாளுக்குச் சேமலாப நிதி 80 ரூபாவிலிருந்து 108 ரூபாவாக மாறுவதையும் சரிபார்த்து, ஒக்டோபர் பத்தாம் திகதிக்குள் சம்பளத்தைக் கொடுத்தோம். அந்த மாதம் 31ஆம் திகதி தீபாவளி என்பதால் முற்பணக் கணக்கும் கூடவே இருந்தது. புதிய பதிப்பு பின்னர் வந்தபோது, எங்கள் விரிதாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை நிறுவ அனுமதித்தோம்.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, அரசாங்கம் 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகையைத் தருவது என்ற முன்மொழிவு வந்தவுடன் நிறுவனத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்துவிட்டது. 200 ரூபாவைத் தனிக் கட்டத்தில் வைக்கப் போவதாகவும், சேமலாப நிதியில் அதை எப்படிக் கணிப்பது என்பதற்கு எழுத்துமூல அறிவுறுத்தல் கிடைக்கும்வரை அந்தப் பகுதியை வெளியிடப் போவதில்லை என்றும் அதில் இருந்தது. யூனிகோட் சம்பளச் சீட்டு இந்தப் பதிப்பில் இல்லை என்றும் அதே கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆகவே பெயர்ப் பட்டியலை நாங்களே யூனிகோட்டுக்கு மாற்றி, சீட்டின் மேற்பகுதியை வேறாக அச்சிட்டுக் கொடுத்து வருகிறோம். அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த கடிதத்தில் அதற்கான பதிலை எதிர்பார்க்கிறோம்.