திடலில் ஒலிக்கும் ‘பிகில்’

தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுப்பது என் தொழில். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழையை நம்ப முடியாது. அதனால் விடியும் முன்பே திடலில் ஒயர் இழுத்துக்கொண்டிருப்போம். பெருந்தொற்று ஓய்ந்து திடல்கள் திறந்ததிலிருந்து, பள்ளிகள் தரும் பாடல் பட்டியலில் ‘பிகில்’ படத்துக்கு எப்போதும் இடம் உண்டு. 2019 தீபாவளியையொட்டி வந்த அட்லீயின் படம் அது. பெண்கள் கால்பந்துக் குழுவின் கதை, ஏ.ஆர்.ரகுமான் இசை, விவேக்கின் வரிகள்.

ஆசிரியர்கள் முதலில் கேட்பது விஜய்யே பாடிய ‘வெறித்தனம்’. அடித்து நொறுக்கும் தாளம்தான் அதன் உயிர். ஆனால், பள்ளிகளின் செலவுக்குக் கட்டுப்படியாகும் கூம்பு ஒலிபெருக்கியில் கனத்த ஒலிகள் வருவதே இல்லை. திறந்த வெளியில் அவற்றைத் தாங்கிப் பிடிக்கச் சுவரும் கிடையாது. காரில் கேட்டபோது நெஞ்சில் இடித்த பாட்டு, திடலில் வெறும் இரைச்சலாகிவிடும்.

‘சிங்கப்பெண்ணே’ அப்படி இல்லை. ரகுமானும் ஷாஷா திருப்பதியும் பாடிய அந்தப் பாட்டைக் குரல்தான் தூக்கிச் செல்கிறது. மனிதக் குரல் அமையும் நடு அலைவரிசையைத்தான் கூம்பும் நன்றாகக் கடத்தும். திடலின் கடைசி மரத்தடி வரை வரிகள் தெளிவாகப் போய்ச் சேரும். இசையமைப்பில் எனக்கு ‘மாதரே’ இன்னும் ஒரு படி மேல். ஆனால் அது அறைக்குள் அமைதியாகக் கேட்க வேண்டிய பாட்டு.

பல பள்ளிகளில் ‘சிங்கப்பெண்ணே’யைப் பிரமுகர்கள் மேடையேறும்போது போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. “அங்கிள், எங்கள் ஓட்டத்துக்கு அந்தப் பாட்டைப் போடுவீர்களா?” என்று கேட்டு வருகிற பிள்ளைகளுடையது அது. மாணவிகளின் 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் முடிந்ததும் ஒலிக்க வேண்டும். ஏற்பாட்டுக் குழுவிடம் இதைக் கேட்டு வாங்கிவிடுவேன்.

அணிவகுப்புக்கு எந்தப் பாட்டைப் போட்டாலும் வேறொரு சிக்கல் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நடக்கும் ஒரு விளையாட்டு இல்லத்தின் மாணவர் குழுவுக்குத் தாளம் ஏறக்குறைய 0.3 நொடி தாமதமாகவே எட்டும். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் நடையில் ஓர் அடிக்கு அரை நொடிதான். ஆக, அந்தப் பிள்ளைகள் பாதி அடிக்கு மேல் பின்தங்கித் தெரிவார்கள். காதில் விழுந்தபடி சரியாக நடக்கிற குழந்தைகளை எல்லார் முன்னிலும் திட்டுவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

மேடையருகே எல்லாவற்றையும் குவிக்காமல், ஓடுதளம் நெடுகச் சிறிய ஒலிபெருக்கிகளைக் குறைந்த சத்தத்தில் வைத்தால் ஒவ்வொரு குழுவும் தனக்கு அருகிலிருப்பதையே கேட்டு நடக்கும். ஒயர் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். அதற்கு நான் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஒத்திகை நாளிலேயே என்னை அழைத்துவிடுங்கள் என்று மட்டும் ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.