பர்கூரில் ஒரு கோடை விடுமுறை

பருவத் தேர்வுகள் முடிந்த மறுநாளே பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியின் விடுதிகள் வெறிச்சோடிவிடும். 1994-இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியில் தென்கோடி மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். மே மாதத்தில் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறும் அவர்கள், ஆடி பிறக்கும் சமயத்தில்தான் திரும்பி வருகிறார்கள். இதில் எனக்கு உள்ளபடியே வருத்தம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் முழு உயிரோடு இயங்குவது வைகாசியிலும் ஆனியிலும்தான்; நான்காண்டுகள் இங்கே தங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் அந்த இரு மாதங்களை ஒருமுறைகூடக் காணாமலே பட்டம் வாங்கிச் சென்றுவிடுகிறார்கள்.

மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிப்பதற்காக நான் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டேன். விடுதியை மூடிவிட்டதால் கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் மாடி அறை எடுத்துக்கொண்டேன். நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸை நடத்தும் அக்கா, "ஏம்பா, நீ மட்டும் போகலையா?" என்று கேட்டுவிட்டு, என் ஒருவனுக்காகத் தனியே சமைக்க முடியாது, வீட்டில் செய்வதைத்தான் சாப்பிட வேண்டும் என்றார். அன்று முதல் பரோட்டாவும் எலுமிச்சை சாதமும் போய், ராகிக் களியும் கீரைக் கடைசலும் மாங்காய் போட்ட பருப்புக் குழம்பும் இலைக்கு வந்தன. மாணவர்களுக்கென்று சமைக்கும் சாப்பாட்டுக்குப் பின்னால் இந்த மண்ணின் சாப்பாடு ஒன்று இருப்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

அந்த அக்காவின் அண்ணனுக்குச் சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு இருந்தது. ஒட்டு மாங்கன்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. விடியற்காலையில் அறுப்பு நடக்கும்போது அவருடன் பலமுறை போயிருக்கிறேன். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் வலைப்பையும் சிறு கத்தியும் கட்டி, காயைத் தரையில் விழவிடாமல் பையில் வாங்குவார்கள். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீச்சியடிக்கும்; அது மனிதத் தோலில் பட்டால் புண்ணாகும், காயின் தோலில் பட்டால் கறுத்துத் தழும்பேறி மண்டியில் விலை குறையும். ஆகவே காம்பைச் சற்று நீளமாகவே விட்டுப் பறித்து, நிழலுக்குக் கொண்டுவந்து, காம்பை ஒடித்த கையோடு காயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் முழுவதும் வடியும்வரை வைத்திருக்கிறார்கள். வரிசையாகக் கவிழ்த்து வைத்த நூற்றுக்கணக்கான காய்களிலிருந்து எழும் அந்தக் கார மணத்தை, பழக்கடையில் மட்டுமே மாம்பழத்தைப் பார்த்த ஒருவர் கற்பனை செய்துகொள்ள முடியாது.

இங்கே அதிகம் விளைவது பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய்தான். அப்படியே சாப்பிடுவதற்கு அல்போன்சாவும் செந்தூராவும் இருக்க, மாங்கூழ் ஆலைகளுக்குப் போவதில் பெரும்பகுதி இதுவே. ஆலைகள் மும்முரமாக இயங்குவது ஆண்டில் சில மாதங்களே. கொதிகலனும் வெப்பப் பரிமாற்றியும் கிருமிநீக்கி நிரப்பும் இயந்திரமும் இரவு பகலாக ஓடும் அந்த நாள்களில், அவற்றைப் பாடமாகப் படித்த இயந்திரவியல் மாணவர்கள் அனைவரும் தத்தம் சொந்த ஊர்களில் இருக்கிறார்கள். காய் அதிகமாகிவிட்டால் ஆலைக்காரர் சொல்வதே விலை. பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் மரத்திலேயே விட்டுவிடும் ஆண்டுகளும் உண்டு என்று தோப்புக்காரர் சொன்னார். சேமிப்பு, குளிரூட்டல், போக்குவரத்து என்று வகுப்பறையில் நாங்கள் வரைந்த படங்களுக்கெல்லாம் விடை தேவைப்படும் கேள்வி, கல்லூரி வாசலிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் காத்திருக்கிறது.

பகல் இப்படியென்றால், இரவு பாரதத்துக்கு உரியது. கோடையில் இப்பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா நடக்கும். பிற்பகலில் சொற்பொழிவு, இரவு விடியவிடியத் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் அது நீளும். அர்ச்சுனன் தபசு நாளில், வேடமிட்ட கலைஞர் நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழங்களையும் விபூதியையும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருந்து மடியில் ஏந்திக்கொள்வார்கள். கடைசி நாள் துரியோதனன் படுகளம். திடலில் களிமண்ணால் செய்து கிடத்தியிருக்கும் மாபெரும் உருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் ஓடி ஓடிப் போரிடுவார்கள். தொடை பிளக்கப்பட்டதும் திரௌபதி கூந்தலை முடிகிறாள். காந்தாரியின் ஒப்பாரி எழும்போது, சற்றுமுன் துரியோதனனைத் திட்டித் தீர்த்த பெண்களே கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பாட்டின் வரிகள் அவர்களுக்கும் மனப்பாடமாக இருந்தன.

பர்கூரின் ஜவுளிக் கடைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முகூர்த்த நாள்களில் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து துணி எடுப்பார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். ஆனால் தொகரப்பள்ளி அருகிலுள்ள மயிலாடும்பாறையைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை செல்கிறது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. உலோகவியல் ஒரு பாடமாக உள்ள கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லக்கூடிய இடத்தில், நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பைப் பயன்படுத்திய மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால் அதிகாலையிலேயே போய், பாறைகளுக்கிடையே உள்ள பழைய ஈமக்கற்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இளையவர்கள் யாரேனும் வரும் கோடையில் தங்க நினைத்தால், அறையைத் தேர்வுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் பல வீடுகளில் வாடகையைக் குறைத்தே கொடுப்பார்கள். எந்த ஊரில் பாரதம் நடக்கிறது என்பது பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் இருக்கும். நள்ளிரவுக்குமேல் திரும்பிவரப் பேருந்து கிடையாது என்பதால், விடியும்வரை உட்காரும் எண்ணத்தோடு ஒரு போர்வையும் எடுத்துச் செல்லுங்கள். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்குப் போனால், வேடிக்கைக் கடைகளுக்கு முன்பாக ரகங்களை அடுக்கியிருக்கும் அரங்குக்குச் சென்று, அங்கிருக்கும் விவசாயிகளிடம் பேசுங்கள். கேட்டால் அவர்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள்.