ஏற்காட்டுக் கடற்பயணம்
சேலத்துக்குக் கடல் இல்லைன்னா என்ன, ஏற்காடு ஏரி இருக்கே! மலையேறினதும் நேரா படகுத்துறைதான். நாலு பேர் படகு. மிதிச்சது ரெண்டு பேர், மத்தவங்க செல்ஃபி. நடு ஏரியில திடீர்னு பனி இறங்கி கரையே மறைஞ்சுபோச்சு. "மாப்ள, கரை எந்தப் பக்கம்டா?"ன்னு கத்தினவன் காலை மட்டும் அசைக்கவே இல்ல.

கரையேறினதும் சூடா மிளகாய் பஜ்ஜி. (அந்தக் குளிருக்கு அது இல்லாம ஏற்காடு போனதா கணக்கே இல்ல.) அப்புறம் சேர்வராயன் கோயில். குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும், குனிஞ்சுதான் போகணும். பொழுது சாய லேடீஸ் சீட்ங்கிற வியூ பாயிண்ட்ல நின்னா கீழே சேலம் முழுக்க விளக்கு.

படகுல வராத தலைசுத்தல், இறங்குறப்ப 20 கொண்டை ஊசி வளைவுலயும் சேர்ந்து வந்துச்சு நம்ம செல்ஃபிக்காரனுக்கு. அடிவாரம் வரைக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தான்.