தோகையில் ஏறினோம்

என் மகளுக்குப் பத்து வயது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தனியாக ஒரு தேசமே வைத்திருக்கிறாள். ஆறு, கோட்டை, நடுவில் சிறகு முளைத்த ஒரு மலை. ஊர் தூங்கியதும் அது பறக்குமாம். லீவுக்குக் காரைக்குடி வந்தபோது அப்பத்தாவிடம் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்த ஆத்தா, "இது நம்ம குன்றக்குடியில்ல? யாரு உனக்குச் சொன்னது?" என்றார்.

சரி, மறுநாள் காலையிலேயே அந்த முருகன் மலைக்குக் கிளம்பிவிட்டோம். பத்து கிலோமீட்டர்தான். பஸ்ஸில் முழுக்கக் கதை. பிரம்மாவின் அன்னமும் பெருமாளின் கருடனும் உன்னைவிட வேகம் என்று பீற்றிக்கொள்கின்றன என அசுரர்கள் மயிலிடம் கோள்மூட்ட, அது கோபத்தில் இரண்டையும் விழுங்கிவிட்டது. முருகன் அவற்றை மீட்டுவிட்டு, மலையாகப் போ என்று மயிலைச் சபித்தார். அது இங்கே வந்து மலையாகிக் கிடந்து தவம் செய்ய, சாபத்தைத் தீர்த்தவர் அதன் மேலேயே குடியிருக்கிறார்.

அடிவாரத்தில் இருப்பவர் தோகையடி விநாயகர். பெயரைக் கேட்டதும் மகள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்ப நாம மிதிச்சா அதுக்கு வலிக்காதா?"

"வலிக்கும்னுதான் செருப்பைக் கீழே விடுறோம். மெதுவா வைம்மா" என்றார் ஆத்தா.

எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அப்புறம் மேலே போகும்வரை அவள் ஒவ்வொரு காலாகப் பார்த்துத்தான் வைத்தாள். கல் சுட ஆரம்பித்திருந்தது. மூட்டுவலிக்காரரான ஆத்தாதான் எங்களுக்கு முன்னால் ஏறினார்.

மேலே சண்முகநாதர், ஆறு முகம், பன்னிரண்டு கை, மயில்மேல். கைகளை எண்ணத் தொடங்கியவள் எட்டோடு நின்றாள். மிச்சத்தை மாலை மறைத்துவிட்டது. வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில். "மேலே மூணு, கீழே ஒண்ணு" என்று மயில் கணக்கை மட்டும் சரியாக முடித்தாள். திருநீறு வாங்கும்போது, பெரிய மருதுவின் முதுகுக் கட்டி இந்தத் திருநீற்றில்தான் ஆறியது என்றார் ஆத்தா. தைப்பூசத்துக்குப் பழநி நடக்கும் நகரத்தார் காவடிகள் கூடுகிற இடமும் இதுதான். பாண்டியர் காலக் குடைவரைகளை இறங்கும்போது அவசரமாகத்தான் பார்த்தோம். பசி.

திரும்பும் பஸ்ஸில் நோட்டை எடுத்தாள். சிறகு அப்படியே இருந்தது. மலையின் பின்பக்கம் படிகள் வரைந்து, முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தாள்: 'செருப்பை இங்கே விடவும். மலைக்கு வலிக்கும்.'