உசிலம்பட்டிக் கொட்டகையில் ஒரு போர்க்கால ஜீப்

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறும்போது என் கையில் ஒரு பித்தளை டிரம் இருந்தது. சோற்றுப் பானை அளவு. மூடிக்குக் கொக்கி, பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள், அந்தத் துளைகளை மூடித் திறக்க ஒரு தகட்டு வளையம். பக்கத்து சீட்டு அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இட்லிச் சட்டியாப்பா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சாமான் என்று சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார்.

ஒரு வகையில் அவர் கேட்டது சரிதான். இதுவும் ஆவியில் வேகவைக்கும் பாத்திரமே. கட்டுத்துணியையும் பஞ்சையும் உள்ளே அடுக்கி, துளைகளைத் திறந்த நிலையில் கிருமிநீக்கும் கொதிகலனுக்குள் வைப்பார்கள். ஆவி உள்ளே புகுந்து துணியைச் சுத்தமாக்கும். வெளியே எடுத்த உடனே வளையத்தைத் திருப்பினால் துளைகள் அடைபட்டுவிடும். அப்புறம் காயத்துக்குப் பக்கத்தில் போய்த் திறக்கும்வரை உள்ளே தூசி போகாது.

முந்தின நாள் விளக்குத்தூண் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் உருக்கப் போகிற குவியலுக்குள் இதைப் பார்த்தேன். குத்துவிளக்கு, அண்டா, உடைந்த செம்பு எல்லாவற்றோடும் சேர்த்து எடைக்குப் போட வைத்திருந்தார்கள். பித்தளை விலை கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். அன்று இரவு, பழைய ராணுவ ஜீப்பைச் சீர்படுத்திக்கொண்டிருக்கும் உசிலம்பட்டி அண்ணனுக்கு ஒரு போன். "கொண்டு வாங்க தம்பி, காலையிலேயே வாங்க."

செக்கானூரணி தாண்டும்வரை நாகமலை கூடவே வந்தது. உசிலம்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிற தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் ராணுவத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டியவர். ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரியையும் ஜோங்கா என்ற ராணுவ வண்டியையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. ஆனால் கொட்டகைக்குள் நிற்பது அவருக்கும் மூத்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப்.

"வில்லிஸா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. கீழ குனிஞ்சு பாருங்க, இது போர்டு."

வில்லிஸ் கம்பெனியால் மட்டும் அமெரிக்க ராணுவத்துக்கு வேண்டிய அளவுக்குக் கொடுக்க முடியாது என்பதால், அதே வடிவத்தை போர்டு கம்பெனியும் செய்தது. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல். மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற முன் குறுக்குச்சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். போர்டில் கவிழ்த்துப் போட்ட வாய்க்கால் மாதிரி இருக்கும். போல்ட்டுத் தலைகளில் சின்னதாக ஒரு 'எஃப்' எழுத்தும் பதித்திருப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்த எழுத்து வெளியே வந்த போல்ட்டுகளை அண்ணன் தனி டப்பாவில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

இந்த வண்டி பல வருடம் போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருக்கிறது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் யாரோ டீசல் என்ஜின் மாட்டியிருக்கிறார்கள். பின்னால் ஆள் உட்கார இரும்பு பெஞ்சு பற்றவைத்திருக்கிறார்கள். அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்று இதற்காகக் கோபப்படுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிப் பேச முடியவில்லை. அந்த மலைப்பாதையில் உழைத்ததால்தான் வண்டி இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியது. அண்ணனும் பெஞ்சைக் கழற்றி எறியவில்லை, கொட்டகை வாசலில் போட்டு வைத்திருக்கிறார். அதில் உட்கார்ந்துதான் டீ குடித்தோம்.

டீசலை இறக்கிவிட்டு, அதே வகைப் பழைய பெட்ரோல் என்ஜினைத் தேடிப் பிடித்திருக்கிறார். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி. காரணம் ஆசை மட்டும் இல்லை. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியைத் தனி வரிசை எண்ணில் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. நிறத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ராணுவப் பச்சையைத் தனியார் வண்டியில் அடிக்க மோட்டார் வாகன விதி இடம் தருவதில்லை. அதனால் சாம்பல் நிறம் என்று முடிவு செய்திருக்கிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

துரு எடுக்கிற முறைதான் என்னை அசத்தியது. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கரும்புப் பாகுக் கழிவு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. துருப்பிடித்த சாமானை இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டால் துரு மட்டும் கரைந்து, இரும்பு அப்படியே நிற்கிறது. நாற்றம் குடலைப் புரட்டும். அலுமினியத்தை மட்டும் இதில் போடவே கூடாது. தெரியாமல் போட்ட ஒரு பாகம் அரித்துப் போய்விட்டதாகச் சொன்னபோது அண்ணன் முகம் வாடிவிட்டது.

வண்டியின் பின்பக்கம் குழாய் வளைத்து ஒரு சட்டம் மாட்டியிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் வைக்க. போரில் இந்தச் சின்ன ஜீப்புகளே காயம்பட்டவர்களைச் சுமந்தன, பெரிய ஆம்புலன்ஸ் போக முடியாத சேற்றுப் பாதைகளில் முக்கியமாக. சட்டத்தின் மேல் கேன்வாஸ் ஸ்ட்ரெச்சர் ஒன்று. சுவரில் தொடை எலும்பு முறிவுக்குப் போடும் தாமஸ் கம்பிச்சட்டம் ஒன்று. பழைய வண்டிகளோடு ஒப்பிட்டால் இந்த மாதிரி மருத்துவச் சாமான்கள் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு.

இதையெல்லாம் ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டபோது அண்ணன் ரங்கராஜைப் பற்றிச் சொன்னார். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் ஆள், டாக்டர். 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கொரியப் போரில் 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்ரா வாங்கியவர். 1950 டிசம்பரில் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்போது மருத்துவச் சாமான்களை ஏற்ற அவர்களிடம் வண்டி இல்லை. விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு நீராவி ரயிலைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஏற்றி, தாங்களே ஓட்டி ஆற்றைக் கடந்தார்கள்.

"சாமான் இல்லாட்டி டாக்டர் வெறுங்கை தம்பி. அதுக்காக ரயிலயே ஓட்டியிருக்காங்க. நாம அத எடைக்குப் போடுறோம்."

ஜீப்புக்குத் தோட்டத்தில் வேலை கிடைத்தது, பிழைத்தது. டிரம்முக்கு அப்படி இரண்டாவது வேலை கிடையாது. அதில் இருப்பது பித்தளை, அதற்கு விலை உண்டு, அவ்வளவுதான். ஊசி கண்ணாடி, உடையும். ஸ்ட்ரெச்சர் துணியை எலி தின்னும்.

இருட்டியதும் அண்ணன் ஜீப்பின் ஒரு ஹெட்லைட்டைத் திருகி விடுவித்து அப்படியே பின்னால் மடக்கினார். வெளிச்சம் சாலையை விட்டு என்ஜின் மேல் விழுந்தது. இரவில் ரிப்பேர் பார்க்க வசதியாக அப்படியே செய்திருக்கிறார்கள். 6 வோல்ட் பேட்டரி, மஞ்சளான மங்கல் வெளிச்சம். அதில் நான் கொண்டுவந்த டிரம்மின் வளையத்தை நல்லெண்ணெய் விட்டு மெதுவாகத் திருப்பினார். மூன்றாவது முறையில் துளைகள் மூடின.

கடைசி பஸ்ஸுக்கு என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, மேலூர்ப் பக்கம் ஒரு பழைய நர்சிங் ஹோமை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

"திங்கக்கிழமை லீவு போடுங்க. பித்தளைக்காரன் வாரதுக்கு முன்னாடி நாம அங்க நிக்கணும்."